ஆய்வு மருந்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

வந்திருப்பது நீளமான கடிதம். எழுதியவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 29, திருமணமானவர். ஐந்து ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவர் நெடுகப் புண்ணாகி ரத்தம் கசியும் அழற்சி நோய் இருக்கிறது. முதலில் மெசலமைன் மாத்திரை, நோய் சீறும்போதெல்லாம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. போன ஆண்டு இன்ஃப்ளிக்சிமாப் ஊசி தொடங்கினார்கள், துணைக்கு அசாதியோபிரின் மாத்திரையும் கொடுத்தார்கள். எட்டு மாதம் "நோயே வராத ஆள் மாதிரி" இருந்திருக்கிறார். அப்புறம் பழையபடி ரத்தம். ஒரு நாளைக்கு ஐந்து முறை கழிவறை, அதில் இரண்டு முறை நடுராத்திரியில். இப்போது தினமும் 20 மில்லிகிராம் பிரெட்னிசலோனில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் கட்ட ஆய்வில் இருக்கும் ஒரு புதிய ஊசியைப் பற்றி அவருடைய மருத்துவர் சொல்லி, சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார். அது டிஎல்1ஏ என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து.

"புதிய மருந்து என்றால் பழையதைவிட நன்றாகத்தானே இருக்கும்? எனக்கு வெறும் தண்ணீர் ஊசி போட்டுவிட்டால் என்ன செய்வது? ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் வெளியே வர விடுவார்களா? அம்மா, உன்னைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள் என்று அழுகிறார்" என்று கேட்டிருக்கிறார். இதற்கிடையில் ஸ்டெம் செல் ஊசியால் நோயை அடியோடு குணமாக்குவதாக, பணம் கேட்டு, ஒரு இடத்திலிருந்து உறுதி வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. குடலை எடுக்கும் அறுவை சிகிச்சை என்ற பேச்சு வந்தாலே பயம்.

அன்புள்ள சகோதரி,

ராத்திரி இரண்டு முறை எழுந்து ஓடுகிறவர், காலையில் வேலைக்கும் போய்க்கொண்டு, இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைப் பேச வேண்டும்.

பழைய மருந்து நிஜமாகவே தோற்றுவிட்டதா?

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "முடி கொட்டியதால் அசாதியோபிரினை இரண்டாம் மாதமே நானே நிறுத்திவிட்டேன், டாக்டரிடம் சொல்லவில்லை." எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

இன்ஃப்ளிக்சிமாப் ஒரு புரத மருந்து. நம் உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, அதற்கு எதிராக ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கக்கூடும். அப்படித் தயாரித்துவிட்டால், ஏற்றிய மருந்து அடுத்த தவணை வருவதற்குள் ரத்தத்திலிருந்து காணாமல் போய்விடும். அந்த எதிர்ப்பை அடக்கி வைப்பதுதான் அசாதியோபிரினைக் கூடவே கொடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைக்கிறது என்பது கிரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோயில் 2010இலும், உங்களுக்கு இருக்கும் கோலைட்டிஸில் 2014இலும் வெளியான ஆய்வுகளில் தெரிந்தது.

ஆகவே முதல் வேலை, அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் ரத்தம் எடுத்து, இன்ஃப்ளிக்சிமாப் அளவையும் அதற்கு எதிரான ஆன்டிபாடியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அளவு குறைவு, ஆன்டிபாடியும் இல்லை என்று வந்தால், மருந்தின் அளவைக் கூட்டியோ இடைவெளியைக் குறைத்தோ அதே மருந்தை மீட்க வாய்ப்பு இருக்கிறது. ஆன்டிபாடி மிகுதியாக இருந்தால், அதே வகையிலுள்ள அடாலிமுமாப் போன்ற இன்னொரு மருந்து சிலருக்குக் கைகொடுக்கும். அளவு நன்றாக இருந்தும் குடல் ரணமாகவே இருக்கிறது என்றால்தான், இந்த வகை மருந்து உங்கள் நோய்க்கு ஒத்துவரவில்லை என்று சொல்ல முடியும். அந்த நிலையில் ஆய்வு மருந்தைப் பற்றி யோசிப்பது முழுக்க நியாயம்.

அதே நேரத்தில் மலப் பரிசோதனையும் தேவை. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி தொற்றினால் நோய் சீறுவது போலவே இருக்கும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சைட்டோமெகலோ வைரஸும் குடலில் தலைதூக்கலாம், அதைத் திசுப் பரிசோதனையில் கண்டுபிடிப்பார்கள். தொற்றை விட்டுவிட்டு மருந்தை மாற்றிக்கொண்டே போனால் எந்த மருந்தும் தோற்றதாகத்தான் தெரியும்.

அசாதியோபிரின் விஷயத்தை மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்கிறீர்கள். அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் "இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கேட்கவில்லை" என்ற கணக்கில்தான் அவர் உங்களை ஆய்வுக்கு அனுப்ப நினைக்கிறார். மீதி மாத்திரை வீட்டில் இருக்கிறதே என்று நீங்களாக மறுபடி தொடங்கவும் வேண்டாம். ஆரம்ப வாரங்களில் முடி கொத்துக் கொத்தாக விழுந்திருந்தால், அது என்யுடிடி15 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். பரிசோதனை செய்யாமல் தொடக்கூடாது.

புதியது என்றால் நல்லதா?

நல்லதா என்பது தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது. பலரும் புரட்டிப் போட்டுப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஆய்வு என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை கண்டுபிடிக்க உங்கள் உதவியைக் கேட்கிறார்கள். கூடவே உங்களுக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

கிரோன்ஸ் நோய்க்கு மோஞ்சர்சன் என்று ஒரு மாத்திரை வந்தது. 2015இல் வெளியான இரண்டாம் கட்ட முடிவில், அதிக அளவு எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் அடங்கியது, பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான். மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது, நானும்தான். 2017இல் மூன்றாம் கட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். பலன் தெரியவில்லை. இன்னொன்று செகுகினுமாப். சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு நன்றாக வேலை செய்கிற மருந்து. அழற்சிப் பாதையை வைத்துப் பார்த்தால் கிரோன்ஸ் நோயிலும் வேலை செய்ய வேண்டும். ஆய்வு செய்து பார்த்தபோது பலன் இல்லாததோடு, பக்கவிளைவுகளும் பிளாசிபோவைவிட அதிகம் வந்தன. 2012இல் அந்த முடிவு வெளியானது. உடம்பு நம் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

இந்த நோயில் மருந்தே இல்லை என்ற காலம் ஒன்று இருந்தது. இன்ஃப்ளிக்சிமாப் முதன்முதலாக 1998இல், கிரோன்ஸ் நோய்க்கு, அனுமதி பெற்றது. அதற்கப்புறம் வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப், டோஃபாசிடினிப், உபாடாசிடினிப், ஓசானிமோட், மிரிகிசுமாப் என்று வரிசையாக வந்துவிட்டன. இவை ஒவ்வொன்றும் ஆய்வில் சேர்ந்தவர்களால் நமக்குக் கிடைத்தவை. ஆனால் உங்களுக்கு இதன் பொருள் வேறு: நிரூபிக்கப்பட்ட மருந்துகள் நீங்கள் இன்னும் தொடாதவை பல இருக்கின்றன. அவற்றில் எது உங்களுக்குக் கிடைக்கும், எது கட்டுப்படியாகும் என்று கேட்டுவிட்டு ஆய்வைப் பற்றி யோசியுங்கள். கிடைக்காது, கட்டுப்படியாகாது என்றால் அதுவும் ஆய்வில் சேர நேர்மையான காரணம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டிஎல்1ஏ மருந்துகளைப் பற்றி எனக்கு நம்பிக்கை உண்டு. இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவுக்கும் குடல் அழற்சி நோய்க்கும் தொடர்பு இருப்பது மரபணு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அழற்சியோடு குடல் தழும்பு பட்டுச் சுருங்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறோம். உங்களுக்குச் சொன்னது எந்த மருந்து என்று எழுதவில்லை. அதே வகையைச் சேர்ந்த துலிசோகிபார்ட் பற்றி 2024இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில், முதல் குழுவாகச் சேர்ந்த 135 கோலைட்டிஸ் நோயாளிகளில், 12 வாரத்தில் நோய் அடங்கியது மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம், பிளாசிபோ பெற்றவர்களில் 1 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். அதே எண்ணை மறுபக்கம் திருப்பியும் பாருங்கள்: மருந்து பெற்ற நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு அந்த 12 வாரத்தில் நோய் முழுதாக அடங்கவில்லை. அவர்களில் சிலருக்கு ஓரளவு முன்னேற்றம் இருந்தது. எதிர்பார்ப்பை இந்த அளவில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் கட்டம் வந்துவிட்டதே, ஆபத்தெல்லாம் தெரிந்துபோயிருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அடிக்கடி வரும் தொல்லைகள் தெரிந்திருக்கும், அரிதானவை தெரிந்திருக்காது. 300 பேருக்குக் கொடுத்து ஒருவருக்குக்கூட ஒரு பாதிப்பு வரவில்லை என்றாலும், அது நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியதாக இருக்க இடமுண்டு. நடாலிசுமாப் என்ற மருந்து 2004இல் நரம்பு நோய்க்கு அனுமதி பெற்று, சில மாதங்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. மூளையைத் தாக்கும் அரிய வைரஸ் நோய் மூன்று பேருக்கு வந்திருந்தது. அவர்களில் ஒருவர் கிரோன்ஸ் ஆய்வில் இருந்தவர். கடும் கட்டுப்பாடுகளோடுதான் அது திரும்பி வந்தது. டோஃபாசிடினிப் மாத்திரைக்கு ரத்தக் கட்டி, மாரடைப்பு, புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை 2021இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. வேறு நோய்க்கு, வயதான நோயாளிகளிடம் செய்த ஆய்விலிருந்து வந்த தகவல் அது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மருந்தைப் பற்றிய முழு விவரம் வர ஆண்டுகள் ஆகும், அந்த ஆண்டுகளின் தொடக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

தண்ணீர் ஊசி கிடைத்தால்

பிளாசிபோ கிடைத்தால் கைவிடப்பட்டதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலான கோலைட்டிஸ் ஆய்வுகளில் மெசலமைனையும், குறிப்பிட்ட அளவு ஸ்டீராய்டையும் தொடர விடுவார்கள். அடிக்கடி பார்ப்பார்கள், ரத்தமும் மலமும் பரிசோதிப்பார்கள். நோய் முற்றினால் ஆய்விலிருந்து எடுத்து உரிய சிகிச்சைக்கு மாற்ற வேண்டும், அந்த ஏற்பாடு திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பல ஆய்வுகளில் முதல் 12 வாரத்தில் பலன் கிடைக்காதவர்களுக்கு அப்புறம் நிஜ மருந்தே கொடுக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் யோசித்துப் பார்க்காத ஒரு சிக்கல் உண்டு. சில ஆய்வுகளில், முதல் கட்டத்தில் மருந்தால் நன்றாகத் தேறியவர்களை மறுபடி குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைப் பிளாசிபோவுக்கு மாற்றுவார்கள். பலன் நிலைக்கிறதா என்று பார்க்க வேறு வழி இல்லை. தேறி வரும் நேரத்தில் மருந்து நிற்கலாம் என்பது கசப்பான செய்தி, அதை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். "தேறியவர்களை இரண்டாவது முறை குலுக்குவீர்களா? நோய் திரும்பினால் மருந்தை எத்தனை நாளில் தருவீர்கள்?" என்று அப்படியே கேளுங்கள்.

சேர்வதற்கு முன்னால் இருக்கும் நாட்களும் எளிதல்ல. இன்ஃப்ளிக்சிமாபை நிறுத்திச் சில வாரங்கள் உடம்பிலிருந்து வெளியேற விட வேண்டியிருக்கும். காசநோய், ஹெபடைட்டிஸ் பி சோதனைகள், குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி மறுபடி ஒன்று எல்லாம் இருக்கும். இத்தனையும் முடித்து, "தகுதி இல்லை" என்று திருப்பி அனுப்பவும் செய்வார்கள். அப்படி நடந்தால் அடுத்த சிகிச்சை என்ன என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எந்த மருந்தும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்டீராய்டு அளவைக் குறைத்துச் சொன்னால் ஆய்வில் எளிதாகச் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். நிஜ அளவு தெரியாமல் அவர்கள் குறைக்கத் தொடங்கினால் ஆபத்து உங்களுக்குத்தான். பிரெட்னிசலோனைத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது. மாதக்கணக்கில் எடுத்தவர்களின் உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துவிட்டிருக்கும்.

உங்கள் உரிமைகள்

கையெழுத்து உங்களைக் கட்டிப்போடாது. எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் வெளியே வரலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. 1964இல் உலக மருத்துவர் கழகம் ஏற்ற ஹெல்சிங்கி அறிக்கை முதல் இன்று வரை இது அடிப்படை விதி. ஒரே ஒரு வேண்டுகோள்: வெளியே வரும்போது சொல்லிவிட்டு வாருங்கள். மருந்து உடம்பில் இருக்கும் வரை சில பரிசோதனைகள் உங்கள் நன்மைக்கே தேவைப்படும்.

சம்மதப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படிக்கலாம், புரியும் மொழியில் கேட்கலாம். அதில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் யார் ஏற்பார்கள்? ஆய்வு முடிந்ததும், அல்லது நிறுவனம் பாதியில் நிறுத்திவிட்டால், உங்களுக்கு மருந்து தொடருமா? ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் எங்கே? கடைசியாகச் சொன்னது இல்லாத படிவத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆய்வு பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள், அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

குழந்தை ஆசை பற்றித் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆய்வில் இருக்கும்போதும், கடைசி ஊசிக்கப்புறம் சில மாதமும் கருத்தரிக்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். புதிய மருந்தைக் கர்ப்பிணிகளிடம் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப் போன்றவற்றைக் கர்ப்ப காலத்திலும் தொடர்வது வழக்கம். டோஃபாசிடினிப், உபாடாசிடினிப், ஓசானிமோட் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வோம். எந்த மருந்தாக இருந்தாலும், நோய் அடங்கிச் சில மாதம் ஆன பிறகு கருத்தரிப்பதுதான் தாய்க்கும் குழந்தைக்கும் நல்லது. ஆகவே இரண்டு ஆண்டுக் கணக்கை ஆய்வின் கால அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான்.

பணம் கேட்கும் 'ஆய்வு'

அந்த ஸ்டெம் செல் ஊசியை மறந்துவிடுங்கள். உண்மையான மருந்து ஆய்வில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது வழக்கமில்லை, குணமாகும் என்று யாரும் உறுதி தருவதுமில்லை. உங்களிடம் இரண்டையும் செய்திருக்கிறார்கள். முறையாக ஆராயப்பட்ட ஸ்டெம் செல் மருந்து ஒன்று இருந்தது. டார்வாட்ஸ்ட்ரோசெல் என்ற அது கிரோன்ஸ் நோயில் ஆசனவாய்ப் பக்கம் வரும் பௌத்திரத்துக்காக 2018இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. பெரிய அளவில் மறுபடி ஆராய்ந்தபோது பலன் உறுதிப்படாததால், 2024 கடைசியில் அங்கே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதுவும் உங்கள் நோய்க்கான மருந்தல்ல.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாக. கோலைட்டிஸில் நோய் பெருங்குடலோடு நிற்பதால், அதை எடுத்துவிட்டால் ரத்தப்போக்கு நின்றுவிடும். சிறுகுடலின் முனையைப் பை போலத் தைத்து, வழக்கமான வழியிலேயே மலம் கழிக்கும்படி செய்யும் முறை 1978 முதல் இருக்கிறது. அதற்கும் தொல்லைகள் உண்டு, கருத்தரிப்பதும் சிலருக்குத் தாமதமாகலாம். உங்களுக்கு இப்போது அது தேவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத் தவிர்ப்பதற்காகவே ஒன்றன்பின் ஒன்றாக மருந்தை மாற்றி, எலும்பும் தோலுமான பிறகு அறுவை மேசைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பயத்தைத் தள்ளி வைத்து, ஒருமுறை அறுவை மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பேசினால் சம்மதித்ததாக ஆகாது.

அம்மாவுக்கு நீங்கள் என்ன சொல்வது? நீங்கள் தினமும் விழுங்கும் ஸ்டீராய்டு வகை மருந்து இந்த நோய்க்கு வந்த கதையைச் சொல்லுங்கள். 1955இல் இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 210 கோலைட்டிஸ் நோயாளிகளிடம் கார்ட்டிசோனைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் கார்ட்டிசோன், பாதிப் பேருக்குப் பிளாசிபோ. மருந்து பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, மற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு. நோய் கடுமையானால் உயிரே போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்த 210 பேரை எலிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதே சமயம் அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடவும் வேண்டாம். அடுத்த முறை அவரையும் கூட்டிப் போங்கள். அவர் கேட்கும் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத ஆய்வுக் குழு, நாளை உங்களுக்கும் சொல்லாது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை: இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து அசாதியோபிரின் நிறுத்திய செய்தியைச் சொல்லுங்கள், மருந்து அளவையும் மலத்தையும் பரிசோதிக்கக் கேளுங்கள். ஆய்வில் சேரும் நாளைத் தள்ளி வைக்க முடியுமா என்று விசாரியுங்கள், பல ஆய்வுகள் மாதக்கணக்கில் ஆள் சேர்க்கும். இதற்கிடையே ஒரு நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போனாலோ, அதோடு காய்ச்சலோ படபடப்போ வந்தாலோ, வயிறு உப்பி வலித்தாலோ, சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்த முடிவு வந்ததும், சம்மதப் படிவத்தில் புரியாத பக்கங்களோடு மறுபடி எழுதுங்கள்.